கவிதை வாசிப்புக் கூட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மாதம் ஒரு ஞாயிறு கூடிக் கவிதை வாசிக்கிற கூட்டத்துக்கு முதன்முறையாக வருகிறவர்களுக்காக இதை எழுதியிருக்கிறோம். கூட்டத்தில் சில வழக்கங்கள் உண்டு. அவற்றை யாரும் சுவரில் எழுதி ஒட்டவில்லை. பழகியவர்களுக்கு அவை விதியாகவே தோன்றாததால் எடுத்துச் சொல்லவும் மறந்துவிடுகிறார்கள். புதியவர் தெரியாமல் ஒன்றை மீறுவார், நாலு பேர் முகம் சுருங்கும், காரணம் விளங்காமல் அவர் அடுத்த மாதம் வரமாட்டார். நன்றாக எழுதக்கூடியவர்களை இப்படி இழப்பது நமக்கு வருத்தம். கேட்க வேண்டியதை முன்னாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

முதல் நாளே என் கவிதையை வாசிக்கலாமா?

வாசிக்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் முதல் முறை காதை மட்டும் கொண்டுவருவது நல்லது. எந்த மாதிரிக் கருத்துக்கு எல்லோரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள், எதற்குப் பேச்சு நின்றுபோகிறது என்பதை ஒரு கூட்டம் கேட்டாலே பிடித்துக்கொள்ளலாம். ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் பார்த்துக்கொண்டு இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிறுதான் ஓய்வு கிடைக்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம், அன்றே வாசித்துவிடுங்கள்.

இதில் எல்லோரும் கவனிக்கிற, யாரும் வாய்விட்டுச் சொல்லாத வழக்கம் ஒன்று இருக்கிறது: உங்கள் கவிதை வருவதற்கு முன் வேறு இரண்டு கவிதைகளுக்காவது நீங்கள் கருத்துச் சொல்லியிருக்க வேண்டும். கணக்கைப் பாருங்கள். இரண்டு மணி நேரத்தில் பன்னிரண்டு கவிதை என்றால் ஒன்றுக்குப் பத்து நிமிடம். அதில் வாசிக்க இரண்டு நிமிடம், மீதி எட்டும் மற்றவர்கள் உங்களுக்காகச் செலவிடுவது. தன் கவிதையை வாசித்துவிட்டுச் செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போகிறவர் அந்த எட்டு நிமிடத்தை வாங்கிக்கொண்டு எதுவும் தராமல் போகிறார். நேரில் யாரும் கேட்கமாட்டார்கள். அடுத்த முறை அவர் வாசிக்கும்போது அறையில் அமைதி நீளும், அவ்வளவுதான்.

அரூருக்கோ பென்னாகரத்துக்கோ பஸ் பிடிக்க வேண்டியிருந்தால் கூட்டம் தொடங்கும்போதே நடத்துகிறவரிடம் சொல்லிவிடுங்கள். உங்களை முதலில் வாசிக்கச் சொல்வார். அதற்குப் பின் வரும் இரண்டு கவிதைகளைக் கேட்டுக் கருத்துச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம், ஒருவரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

எத்தனை பிரதி, எவ்வளவு நீளம்?

ஒரு கூட்டத்துக்கு ஒரு கவிதை, ஏறத்தாழ 24 வரிக்குள். ஹைக்கூ என்னும் மூன்று வரிக் கவிதை என்றால் மூன்று கவிதை கொண்டுவரலாம். ஏ4 தாளில் ஒரு பக்கம், எழுத்து அளவு 14, வரிகளுக்கிடையே தாராளமாக இடம். ஐந்து வரிக்கு ஒருமுறை ஓரத்தில் வரி எண் போடுங்கள். “அந்த… நடுவில் ஒரு இடத்தில்…” என்று எல்லோரும் தேடுவதற்குப் பதில் “பதினோராவது வரி” என்று பேச அது உதவும். பதினைந்து பேர் வரும் கூட்டத்துக்கு எட்டுப் பிரதி போதும், இருவருக்கு ஒன்று.

பெயரைத் தாளின் பின்பக்கம் எழுதுங்கள். முன்பக்கம் இருந்தால் படிக்கிறவர் கண் முதலில் பெயருக்குப் போகும், பிறகு பெயருக்குத்தான் கருத்து வரும். எத்தனையாவது வரைவு என்று மூலையில் குறித்தால் மிகவும் உதவியாக இருக்கும். முதல் வரைவுக்குச் சொல்ல வேண்டியதும் ஐந்தாவது வரைவுக்குச் சொல்ல வேண்டியதும் வேறு வேறு.

கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்ததும் சரிதான். கணினியில் அடித்தால் யூனிகோடில் அடித்துப் பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத்தான் திறக்கும். ஜெராக்ஸ் கடை வாசலில் அதைச் சரிசெய்ய முடியாது.

வாசிக்கும் முறை ஏதாவது உண்டா?

முன்னுரை வேண்டாம். கவிதை எப்போது, எந்தச் சூழ்நிலையில் தோன்றியது என்று விளக்கிவிட்டு வாசித்தால், கேட்பவர்கள் கவிதையைக் கேட்கமாட்டார்கள், நீங்கள் சொன்ன விளக்கம் அதில் இருக்கிறதா என்று தேடுவார்கள். புரியாத வட்டாரச் சொல் இருந்தால் அதற்கு மட்டும் ஒரு வாக்கியம் சொல்லலாம். இரண்டு முறை வாசியுங்கள், இரண்டாம் முறை சற்று மெதுவாக.

கவியரங்க மேடையில் பழகியவர்கள் ஒவ்வொரு வரியையும் திருப்பிச் சொல்லிக் கைத்தட்டலுக்கு நிறுத்துவார்கள். தாள் கையில் இல்லாத பெரிய கூட்டத்துக்கு அந்த முறை தேவை. இங்கே எல்லோர் கையிலும் தாள் இருப்பதால் திருப்பிச் சொல்வது நேரத்தைத்தான் தின்னும்.

அடுத்தவர் கவிதைக்கு எப்படிக் கருத்துச் சொல்வது? எனக்கு இலக்கணம் தெரியாதே.

இலக்கணம் தெரியாதவர் சொல்லும் கருத்து பல நேரம் அதிகம் உதவுகிறது. முதலில் கவிதையில் நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள்: யார் பேசுகிறார்கள், எங்கே, என்ன நடக்கிறது. அதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். எழுதியவர் நினைத்தது உங்களுக்கு வந்து சேர்ந்ததா இல்லையா என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அடுத்து, உங்களைப் பிடித்து நிறுத்திய வரியை வரி எண்ணோடு சொல்லுங்கள். அதற்குப் பிறகு தடுக்கிய இடம். இந்த வரிசை முக்கியம். தடுக்கிய இடத்திலிருந்து தொடங்கினால் எழுதியவர் காது அடைத்துக்கொள்ளும், பின்னால் சொல்லும் நல்லது எதுவும் உள்ளே போகாது.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் இப்படி எழுதி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

மழை வந்தது
மண் சிரித்தது
என் மனமும் நனைந்தது

“சாதாரணமாக இருக்கிறது” என்று சொன்னால் அவர் செய்வதற்கு ஒன்றும் இல்லை. “இன்னும் ஆழம் வேண்டும்” என்பதும் அப்படியே, ஆழத்துக்கு எந்தக் கடையில் போவார்? இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “முதல் வரியில் மழை எனக்குத் தெரிகிறது. இரண்டாவது வரியில் எந்த மண் என்று தெரியவில்லை. வீட்டு வாசலா, பாலக்கோட்டுத் தக்காளிக் காடா? பாலக்கோடு என்றால் தக்காளி அப்போது என்ன விலை போகிறது?” இந்தக் கேள்வியோடு வீட்டுக்குப் போனவர் அடுத்த மாதம் இப்படி வரலாம்:

பறிகூலிக்கும் கட்டாத விலை
செடியிலேயே பழுக்கிறது தக்காளி
மேலே நல்ல மழை

சிரித்த மண்ணும் நனைந்த மனமும் போய்விட்டன. நல்ல மழைக்கு மகிழ முடியாத ஒருவர் அங்கே வந்து நிற்கிறார். அந்த மூன்று வரியைக் கருத்துச் சொன்னவர் எழுதித் தரவில்லை என்பதையும் கவனியுங்கள். அடுத்தவர் கவிதையை நீங்களே திருத்தி எழுதி “இப்படி வைத்துக்கொள்ளுங்கள்” என்று நீட்டுவது இங்கே பெரிய மரியாதைக் குறைவு. கேள்வி கேட்கலாம், வரியை எடுத்துப் பார்க்கச் சொல்லலாம். புதிய வரியை எழுத வேண்டியவர் அவர்தான்.

“அருமை”, “சூப்பர்” என்றால் ஏன் யாரும் பெரிதாக மகிழ்வதில்லை?

எந்த வரி அருமை என்று சொல்லாததால்தான். “ஏழாவது வரி அருமை, அந்த இடத்தில் பேசுவது கிழவி இல்லை, பேத்தி என்று தெரிந்துபோனது” என்றால் அன்றைக்கு அவருக்குத் தூக்கம் வராது.

என் கவிதையைக் குறை சொன்னால் பதில் பேசலாமா?

எல்லோரும் பேசி முடிக்கும்வரை வேண்டாம். இதுதான் புதியவர்களுக்கு மிகக் கடினமான வழக்கம். “நான் சொல்ல வந்தது அது இல்லை” என்று நடுவில் தொடங்கினால், அடுத்துப் பேச இருந்தவர் தான் படித்ததை விட்டுவிட்டு உங்கள் விளக்கத்தோடு ஒத்துப்போய்விடுவார். நீங்கள் இல்லாத இடத்தில் கவிதை எப்படிப் படிக்கப்படுகிறது என்று தெரிந்துகொள்ளும் ஒரே வாய்ப்பு அந்த எட்டு நிமிடம். பேனாவை எடுத்து, சொல்வதை எல்லாம் பிரதியிலேயே குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் உங்களுக்கு ஒரு நிமிடம் தருவார்கள். அப்போது வாதாடுவதைவிட ஒரு கேள்வி கேட்பது பயன் தரும்: “தலைப்பு இல்லாவிட்டால் இது புரியுமா?”

சொன்னதை எல்லாம் ஏற்க வேண்டியதில்லை. மூன்று பேர் ஒரே வரியில் தடுக்கினால் அங்கே ஏதோ கோளாறு இருக்கிறது என்று நம்புங்கள். அவர்கள் சொல்லும் மருந்து தவறாக இருக்கலாம்: சொல்லை மாற்றச் சொல்வார்கள், கோளாறு அதற்கு முந்தைய வரியில் இருக்கும். அன்று இரவே உட்கார்ந்து திருத்தாதீர்கள். ஒரு வாரம் போகட்டும். கோபத்தில் திருத்துகிறவர் பிடித்த வரியையும் வெட்டிவிடுகிறார்.

ஏன் எல்லோரிடமும் “கடைசி வரியை எடுத்துவிடுங்கள்” என்கிறார்கள்?

புதிதாக எழுதுகிறவர்களின் கவிதை பெரும்பாலும் கடைசி வரிக்கு முந்தைய வரியிலேயே முடிந்துவிடுகிறது. படிக்கிறவருக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் ஒரு வரி கூடிவிடுகிறது. கிருஷ்ணகிரி மாங்காய்ப் பருவத்தைப் பற்றி இப்படி ஒன்று (பெங்களூரா என்பது ஒரு மாங்காய் வகை):

மாங்கூழ் ஆலை வாசலில்
விடிய விடிய வரிசை
பெங்களூரா ஏற்றிய வண்டிக்குள்
ஓட்டுநர் தூங்குகிறார்
பழம் விழித்திருக்கிறது
ஐயோ உழவனே உன் விதி இதுதானா

ஐந்தாவது வரியில் பழம் இரவெல்லாம் கனிந்துகொண்டே, விலை இறங்கிக்கொண்டே இருப்பது வந்துவிட்டது. ஆறாவது வரி அதை அழுதுகாட்டுகிறது, படிக்கிறவர் அழ வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இதற்கு நம் ஊரிலேயே மிகப் பழைய பாடம் இருக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சி தகடூரை ஆண்டவன், தகடூர் இன்றைய தருமபுரி. அவன் தந்த நெல்லிக்கனியை ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் 91ஆவது. அவன் வீரத்தைச் சொல்லி, நீ நிலைபெறுக என்று வாழ்த்தி, கனியைக் கடைசி வரிகளில்தான் கொண்டுவருகிறார். அதன் பயனைச் சொல்லாமல் உனக்குள் அடக்கிக்கொண்டு, “சாதல் நீங்க எமக்கீந் தனையே” (நான் சாகாதிருக்க எனக்குத் தந்தாயே) என்பதோடு பாட்டு முடிகிறது. என்னே உன் கொடை என்று அதற்குமேல் ஒரு வரி இல்லை.

அதியமானும் ஔவையும் பற்றி எழுதாதவர் இங்கே குறைவு என்பதால் ஒரு வேண்டுகோள். நெல்லிக்கனியை அப்படியே திரும்பச் சொல்லும் கவிதையைக் கூட்டம் மரியாதையாகக் கேட்கும், ஆனால் சொல்ல எதுவும் இருக்காது. பழைய தகடூரை எழுத ஆசை என்றால் தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போய் நடுகற்களைப் பாருங்கள். மாடுகளைக் கவர வந்தவர்களோடு மோதி இறந்தவனைப் பற்றி, எந்த அரசன் காலம், யாருடைய ஆள் என்று சொல்லிவிட்டு “தொறு மீட்டுப் பட்டான்” என்று கல்வெட்டு நிறுத்திக்கொள்ளும். தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் இறந்தான். சொல்லை எப்படிச் செலவழிப்பது என்று அந்தக் கல்லிடம் கற்றுக்கொள்ளலாம்.

மரபுக் கவிதை எழுதுகிறேன். ஏற்பார்களா?

ஏற்பார்கள். எந்த வடிவம் என்று தாளின் மேலே எழுதிவிடுங்கள், அந்த வடிவத்தின் அளவுகோலில் பார்ப்பார்கள். வெண்பா என்று எழுதினால் தளை பார்ப்பார்கள், அதாவது ஒரு சீரை அடுத்து வரும் சீர் எந்த அசையில் தொடங்குகிறது என்று: மாச்சீரை அடுத்து நிரை, விளச்சீரை அடுத்து நேர், காய்ச்சீரை அடுத்து நேர். கனிச்சீர் வரக்கூடாது. ஈற்றடி மூன்று சீர், மற்ற அடிகள் நான்கு. கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாக முடிய வேண்டும். அதிகம் தட்டுகிற இடம் காய்ச்சீருக்குப் பின்னால்தான், அங்கே நிரை வந்து உட்கார்ந்துவிடும். வீட்டிலேயே ஒவ்வொரு சீரையும் அசை பிரித்துப் பென்சிலால் குறித்துப் பாருங்கள். தளை தட்டுவது தெரிந்தும் சரிசெய்ய முடியவில்லை என்றால் அந்த இடத்தை வட்டமிட்டுக் கொண்டுவாருங்கள், கூடிச் சரிசெய்யலாம். தளை சரியாக இருப்பதனாலேயே அது நல்ல வெண்பா ஆகிவிடாது என்பதும் இங்கே எல்லோரும் அறிந்தது.

புதுக்கவிதை எழுதுகிறவர் வெண்பாவைப் பார்த்து “இந்தக் காலத்தில் எதற்கு” என்பதும், மரபு எழுதுகிறவர் புதுக்கவிதையை “உடைத்துப் போட்ட உரைநடை” என்பதும் இங்கே எடுபடாது. அந்தச் சண்டையைப் பலமுறை போட்டுப் பார்த்தாகிவிட்டது, யாருடைய கவிதையும் அதனால் மேம்படவில்லை.

ஹைக்கூவுக்கு 5-7-5 கட்டாயமா?

இல்லை. அந்த எண்ணிக்கை ஜப்பானிய மொழியின் ஒலி அலகுகளுக்கானது, தமிழ் எழுத்துக்கோ அசைக்கோ அப்படியே பொருந்தாது. மூன்று வரி, ஒரு காட்சி, அந்தக் காட்சியை மாற்றிக் காட்டும் ஒரு திருப்பம், இவற்றைப் பார்ப்பார்கள். முதல் வரியும் மூன்றாம் வரியும் ஒரே ஓசையில் முடியும்படி இயைபு வைத்தால் அது லிமரைக்கூ, மனிதர்களைக் கிண்டல் செய்தால் சென்ரியு.

ஒற்றுப்பிழை வந்தால் கேலி செய்வார்களா?

மாட்டார்கள். எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை இரண்டையும் பிரதியில் குறித்துக் கொடுத்துவிடுவார்கள், கூட்டத்தில் பேசுவதில்லை. “வாழ்த்துகளா, வாழ்த்துக்களா” என்று ஒருவர் தொடங்கினால் பத்து நிமிடம் போய்விடும், கவிதை அப்படியே கிடக்கும். பிழை பொருளை மாற்றும் இடத்தில் மட்டும் வாய்விட்டுச் சொல்லலாம்.

எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறோம். என் தமிழ் சரியாக இருக்குமா?

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கமிருந்து வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது இது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிக்கொண்டு தமிழில் எழுதுகிறவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். உங்கள் உச்சரிப்பை யாரும் திருத்தக்கூடாது. திருத்தினால் நடத்துகிறவரிடம் சொல்லுங்கள், அவர் பார்த்துக்கொள்வார். வட்டாரப் பேச்சுக்கும் இதே மதிப்புத்தான். களத்துமேட்டில் நிற்கிற பாட்டி “ராகி” என்றால் “கேழ்வரகு” என்று மாற்றி எழுத வேண்டாம். ஆனால் ஒரே ஆள் முதல் வரியில் பேச்சுத்தமிழும் நான்காவது வரியில் மேடைத்தமிழும் பேசினால், காரணம் என்ன என்று கேட்பார்கள்.

மற்றவர்களை எப்படிக் கூப்பிடுவது?

அண்ணா, அக்கா என்பது பொது. வயதானவர்களை ஐயா, அம்மா. ஆசிரியர்களை சார், டீச்சர். சிலர் தோழர் என்பார்கள், நீங்களும் அப்படியே அழைக்கலாம். வயதில் சின்னவராக இருந்தாலும் கவிதையைப் பற்றிப் பேசும்போது வாங்க, போங்கதான். “கவிஞர்” என்பதை உங்கள் பெயருக்கு முன்னால் நீங்களே போட்டுக்கொள்ள வேண்டாம், மற்றவர்கள் போடட்டும்.

கேட்கக்கூடாத கேள்வி ஏதாவது உண்டா?

இரண்டு உண்டு, இரண்டும் கடுமையாகக் கடைப்பிடிக்கப்படுபவை.

ஒன்று, “இது உங்களுக்கு நடந்ததா?” பிறந்த பெண் குழந்தையை என்ன செய்தார்கள் என்று ஒரு பெண் கவிதை வாசிக்கலாம். பதினாறு வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டவள் அதில் பேசலாம். கவிதையில் வரும் “நான்” வாசித்தவர்தானா என்று கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை. ஆறுதல் சொல்கிற சாக்கிலும் கேட்கக்கூடாது. காதலைப் பாடும் அகப்பாட்டில் யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியம் வைத்திருக்கிறது. அந்த மறைவு இருப்பதால்தான் சொல்ல முடியாததைச் சொல்ல முடிகிறது. “கவிதையில் பேசுகிறவள்” என்று குறிப்பிட்டுப் பேசுங்கள்.

இரண்டாவது, “எந்த ஊர்?” என்பதற்கு அடுத்து வரும் “ஊரில் எந்தப் பக்கம்?” அந்தக் கேள்வி எதைத் தேடுகிறது என்று இந்த மாவட்டங்களில் எல்லோருக்கும் தெரியும். ஊர்ப்பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாதியை இழிவாகச் சொல்லும் பழமொழியைக் கவிதையில் ஒரு பாத்திரம் பேசலாம், அதைக் கவிதை எப்படி நடத்துகிறது என்று பேச்சு நடக்கும். கருத்துச் சொல்கிறவர் தன் பேச்சில் அதைப் பயன்படுத்தினால் கூட்டம் அங்கேயே நிற்கும்.

பிடித்த கவிஞரின் வரி என் கவிதைக்குள் வந்துவிட்டது. பரவாயில்லையா?

தெரிந்து எடுத்தால் மேற்கோள் குறி போட்டு, யாருடையது என்று கீழே எழுதுங்கள். தெரியாமல் வந்ததை யாராவது சுட்டினால் நன்றி சொல்லிவிட்டு மாற்றிவிடுங்கள், அது எல்லோருக்கும் நடப்பதுதான். இந்தியச் சட்டப்படி எழுதியவர் காலத்துக்குப் பின் 60 ஆண்டுவரை பதிப்புரிமை உண்டு. உங்கள் கவிதைக்கும் எழுதிய கணமே அந்த உரிமை வந்துவிடுகிறது, பதிவுசெய்வது கட்டாயமில்லை. கணினிச் செயலி எழுதித் தந்ததை உங்களுடையது என்று வாசிக்காதீர்கள். பன்னிரண்டு பேர் எட்டு நிமிடம் யோசிப்பது ஒரு மனிதர் அடுத்த முறை இன்னும் நன்றாக எழுதட்டும் என்பதற்காக.

பணம் கட்டினால் தொகுப்பு நூலில் கவிதை போட்டு விருதும் தருகிறார்களாம். சேரலாமா?

பணம் அனுப்புவதற்கு முன் கேளுங்கள்: கவிதைகளைத் தேர்ந்தெடுப்பது யார், வந்ததில் எதையாவது திருப்பி அனுப்புவார்களா, கட்டணத்துக்கு எத்தனை பிரதி தருவார்கள், நூல் கடைக்குப் போகுமா, உரிமை யாரிடம் இருக்கும். பணம் கட்டியவர் எல்லோரும் இடம்பெறுகிற நூலில் அந்த இடத்துக்கு மதிப்பு இருக்காது. அதே பணத்தில் நான்கு கவிதை நூல் வாங்கிப் படிப்பது மேல் என்பது எங்கள் கருத்து. பத்திரிகைக்கு அனுப்புவதென்றால் ஒரு கவிதையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பாதீர்கள். முகநூலில் போட்டதை ஏற்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், பல இதழ்கள் வெளிவந்த கவிதையாகவே அதைக் கருதுகின்றன.

கூட்டத்தில் ஒருவர் நூல் வெளியிட்டால் நான் என்ன செய்ய வேண்டும்?

காசு கொடுத்து ஒரு பிரதி வாங்குங்கள். இலவசப் பிரதி கேட்காதீர்கள், பொன்னாடைக்குச் செலவழிக்கவும் வேண்டாம். படித்துவிட்டு எந்தக் கவிதை பிடித்தது என்று அடுத்த மாதம் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்.

நான் எழுதுவதில்லை, கேட்க மட்டும் பிடிக்கும். வரலாமா?

கட்டாயம் வாருங்கள். எழுதுகிறவர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தால் பேச்சு சீக்கிரம் தொழில்நுட்பத்துக்குப் போய்விடுகிறது. கவிதையில் என்ன நடக்கிறது என்று சொல்லும் முதல் கருத்தை முடிந்தவரை எழுதாதவரிடம்தான் கேட்பது வழக்கம். பிரதி உங்களுக்கும் ஒன்று இருக்கும், பேனா மட்டும் கொண்டுவாருங்கள்.